பெரிய எஸ்யூவிக்கு ஷாக் மாற்றும் நேரம்: எதை எடுப்பது, எதை விடுவது?

ஷாக் அப்சார்பர் ஒரே நாளில் கெட்டுப்போகும் பாகமல்ல. கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கும். ஓட்டுகிறவரின் கையும் காலும் அதற்கேற்பப் பழகிக்கொள்ளும். வளைவில் முன்பைவிட மெதுவாகத் திரும்புவோம், பிரேக்கைச் சற்று முன்கூட்டியே மிதிப்போம், பின்சீட்டில் இருப்பவர்கள் குமட்டுகிறது என்றால் சாலையைக் குறை சொல்வோம். பிறகு ஒருநாள் டயர் மாற்றப் போகும்போது மெக்கானிக் சொல்வார்: "ஷாக் நாலும் போயிடுச்சு சார்." அடுத்த கேள்வி, எதைப் போடுவது?

பலரும் முதலில் பிராண்டு பெயரைத்தான் கேட்கிறார்கள். அதைக் கடைசியில் கேட்டால் போதும். முதலில் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். வண்டி பெரும்பாலான நாட்களில் எவ்வளவு சுமையோடு ஓடுகிறது? முன்னாலும் பின்னாலும் எந்த வகை சஸ்பென்ஷன் இருக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் சந்தையில் இருப்பவற்றில் முக்கால்வாசி தானாகவே கழிந்துவிடும்.

சுமையை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், வண்டியின் எடையைத் தாங்குவது ஷாக் அல்ல, ஸ்பிரிங். ஸ்பிரிங் அமுங்கி எழும்போது வரும் ஆட்டத்தை அடக்குவது மட்டுமே ஷாக்கின் வேலை. உள்ளே இருக்கும் எண்ணெயைப் பிஸ்டனின் சிறு துளைகள் வழியாகத் தள்ளி, அந்த ஆட்டத்தை வெப்பமாக மாற்றி வெளியே விடுகிறது. ஒரு எஸ்யூவியின் உடல் பகுதி நொடிக்கு ஒரு தடவை, ஒன்றரைத் தடவை என்ற வேகத்தில் ஆடும். சக்கரமும் ஆக்சிலும் நொடிக்கு 10 முதல் 15 தடவை வரை துள்ளும். மெதுவான அந்த ஆட்டத்தையும் வேகமான இந்தத் துள்ளலையும் ஒரே ஷாக்தான் கட்டுப்படுத்தியாக வேண்டும். இரண்டரை டன் எடை, உயரமான உடல், கனமான சக்கரம், பல வண்டிகளில் பின்னால் இரு சக்கரங்களையும் ஒன்றாக இணைக்கும் முழு ஆக்சில் என்று எல்லாம் சேரும்போது அந்த வேலை சிறிய காரில் இருப்பதைவிடப் பல மடங்கு கடினமாகிறது. அதிலும் இன்று ஓட்டுநர் மட்டும் போகிறார், நாளை ஏழு பேரும் மூட்டை முடிச்சும் ஏறினால் 600 கிலோ கூடிவிடுகிறது. ஷாக் தேர்வில் நடக்கும் பெரும்பாலான தவறுகள், ஸ்பிரிங் செய்ய வேண்டிய வேலையை ஷாக்கிடம் கேட்பதால் வருகின்றன.

உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா?

80,000 கி.மீ. ஆனதும் மாற்றச் சொல்வது ஷாக் தயாரிப்பாளர்கள் பலரின் வழக்கம். அதைப் பரிசோதனைக்கான நேரமாக எடுத்துக்கொள்வதே நியாயம். நல்ல நெடுஞ்சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு அதையும் தாண்டி உழைக்கும். மண் சாலையில் தினமும் சுமையோடு ஓடுவதற்கு அதில் பாதியிலேயே முடிந்துவிடலாம்.

பானெட்டின் மூலையை அமுக்கிவிட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று பார்க்கும் பழைய சோதனை பெரிய எஸ்யூவியில் அவ்வளவாகப் பயன்படாது. ஸ்பிரிங் கடினமானது, இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்களின் பிடிப்பும் அதிகம், கையால் அமுக்கும் பலத்துக்கு வண்டி சரியாக அசையவே அசையாது. ஆடாமல் நின்றுவிட்டது என்பதற்காக ஷாக் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

டயர் நன்றாகக் காட்டிக்கொடுக்கும். உள்ளங்கையை டயரின் மேற்பரப்பில் வைத்து, சுற்றுப்போக்கில் முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். ஒரு இடத்தில் மேடு, அடுத்த சாணில் பள்ளம், மறுபடி மேடு என்று அலை அலையாகத் தட்டுப்பட்டால் சக்கரம் சாலையில் பதியாமல் துள்ளிக்கொண்டே போயிருக்கிறது என்று பொருள். பேலன்ஸிங் சரியில்லாவிட்டாலும், வீல் பேரிங் ஆடினாலும் இப்படி வரலாம். அவை இரண்டும் சரி என்று தெரிந்தால் சந்தேகம் ஷாக் மேல்தான்.

எண்ணெய்க் கசிவைப் பொறுத்தவரை அவசரப்பட வேண்டாம். சீல் அருகே லேசான ஈரமும் அதில் ஒட்டிய புழுதியும் இருப்பது இயல்பே. பிஸ்டன் ராடு ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தோடுதான் வரும். துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். மறுபடி எண்ணெய் வழிந்து உடலின் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் சீல் போய்விட்டது. கசிவே இல்லாத ஷாக்கும் உள்ளே வால்வு தேய்ந்து செத்திருக்கலாம். அதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. மேடுபள்ளமான சாலையில் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஷாக்குகளின் உடல் வெப்பத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். கையைச் சுட்டுக்கொள்ளாமல் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பார்ப்பது நல்லது. ஒரே ஆக்சிலில் ஒன்று சூடாகவும் இன்னொன்று கிட்டத்தட்டக் குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்திருப்பது வேலை செய்யவில்லை.

கடகட சத்தம் வருகிறது என்பதற்காக மட்டும் ஷாக்கை மாற்றாதீர்கள். பெரும்பாலும் அது ஸ்டெபிலைசர் பார் லிங்க், லோயர் ஆர்ம் புஷ், அல்லது ஷாக்கின் தலையை வண்டியின் உடலோடு இணைக்கும் டாப் மவுண்டிலிருந்து வரும்.

உங்கள் வண்டிக்கு அடியில் இருப்பது எது?

உடலும் சட்டமும் ஒன்றாகவே அமைந்த மோனோகாக் எஸ்யூவிகள் பலவற்றில் முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட் இருக்கும். 1940-களில் ஏர்ல் மெக்பெர்சன் என்ற பொறியாளர் வடிவமைத்த அமைப்பு இது. இங்கே ஸ்ட்ரட் வெறும் ஷாக் அல்ல, சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் எலும்பும் அதுதான். ஸ்பிரிங் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும், ஸ்டீயரிங் திருப்பும்போது முழு ஸ்ட்ரட்டும் திரும்பும். எனவே இதை மாற்றினால் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

லேடர் சேஸிஸ் எனும் தனி இரும்புச் சட்டத்தின் மேல் நிற்கும் பெரிய வண்டிகளில் முன்னால் டபுள் விஷ்போன் இருப்பது வழக்கம். அதிலும் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே கட்டாகத் தெரியும், ஆனால் சக்கரத்தைப் பிடிப்பது மேல் ஆர்மும் கீழ் ஆர்மும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் வேலையும் விலையும் வேறு. பின்பக்கம் பெரும்பாலும் எளிது. ஸ்பிரிங் தனி, ஷாக் தனி, மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட்.

ஏர் சஸ்பென்ஷனோ, மின்சார இணைப்புள்ள ஷாக்கோ, தானே உயரத்தைச் சரிசெய்துகொள்ளும் ஷாக்கோ இருந்தால் கதை வேறு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ட்வின் டியூபா, மோனோ டியூபா?

பெரும்பாலான எஸ்யூவிகள் தொழிற்சாலையிலிருந்து ட்வின் டியூப் ஷாக்கோடுதான் வருகின்றன. உள்குழாயில் பிஸ்டன் ஓடும், வெளிக்குழாயில் மிச்ச எண்ணெயும் குறைந்த அழுத்த நைட்ரஜனும் இருக்கும். சவாரி மென்மை, விலை குறைவு. வெளிக்குழாயில் கல் பட்டு லேசாக நசுங்கினாலும் உள்ளே பிஸ்டன் ஓடிக்கொண்டிருக்கும். பலவீனம் வெப்பத்தில் இருக்கிறது. எண்ணெயும் வாயுவும் ஒரே அறையில் இருப்பதால், கரடுமுரடான சாலையில் நெடுநேரம் வேகமாக ஓடினால் எண்ணெய் நுரைத்துப் போகும். நுரையைத் தள்ளும் பிஸ்டனுக்குப் பிடிப்பு ஏது? வண்டி மிதக்கத் தொடங்கும்.

மோனோ டியூபில் ஒரே குழாய். எண்ணெயையும் வாயுவையும் மிதக்கும் பிஸ்டன் ஒன்று பிரித்து வைக்கிறது. நைட்ரஜன் அழுத்தம் 20 பாரைத் தாண்டும், அதாவது டயர் காற்றழுத்தத்தைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு. நுரைக்க வாய்ப்பில்லை. எண்ணெய் வெளிச்சுவரை நேரடியாகத் தொடுவதால் சீக்கிரம் குளிரும். பிஸ்டன் பெரிது என்பதால் சிறிய அசைவுக்கும் உடனே பதில் கொடுக்கும். ஆனால் அந்த ஒற்றைச் சுவர் நசுங்கினால் பிஸ்டன் மாட்டிக்கொள்ளும், அந்த ஷாக்கின் ஆயுள் அத்தோடு சரி. மெதுவாக ஓட்டும்போது சிறு குழிகளும் உடலுக்குத் தெரியும். சிலருக்கு அது பிடிக்கும், பின்சீட்டில் வயதானவர்கள் இருந்தால் பிடிக்காது.

பில்ஸ்டீனின் பி6 வரிசை, வட அமெரிக்காவில் எஸ்யூவிகளுக்கும் பிக்கப்களுக்கும் 4600 என்று விற்பது, மோனோ டியூபுக்கு நல்ல உதாரணம். கேஒய்பி இரண்டையும் செய்கிறது: எக்செல்-ஜி ட்வின் டியூப், கேஸ்-எ-ஜஸ்ட் மோனோ டியூப். ஒரே நிறுவனத்தின் பெட்டி என்பதற்காக உள்ளே இருப்பதும் ஒன்றே என்று நினைத்துவிடக் கூடாது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் பாதிச் சுமையோடு ஓடும் குடும்ப வண்டிக்கு, அசல் தரத்துக்கு இணையான, வாயு நிரப்பிய ட்வின் டியூப் நாலும், புதிய டாப் மவுண்டோடு போட்டால் போதும். வண்டியை வடிவமைத்தவர்கள் அந்த ஸ்பிரிங்குக்கும் அந்த எடைக்கும் ஏற்றபடி வால்வை அமைத்திருக்கிறார்கள், அதை மீறுவதற்கு ஒரு காரணம் வேண்டும். இழுவை வண்டி மாட்டுவது, மலைச் சாலை, தொடர்ந்து மண் சாலை, கனமான பெரிய டயர் ஆகியவற்றில் ஏதாவது உங்கள் வழக்கமாக இருந்தால் மோனோ டியூபுக்குக் கூடுதலாகச் செலவழிப்பதில் அர்த்தம் இருக்கிறது. முன்னால் இரண்டு மட்டும் உயர்ந்த மோனோ டியூப், பின்னால் தேய்ந்த பழையது என்று விடுவது இரண்டுக்கும் கேடு. முன்பகுதி பிடிப்பாகவும் பின்பகுதி தளர்வாகவும் இருக்கும் உயரமான வண்டியை அவசரமாகத் திருப்பினால் பின்பக்கம் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது.

இரண்டுக்கும் இடையே சில சமரசங்களும் உண்டு. கோனியின் எஃப்எஸ்டி, இப்போது ஸ்பெஷல் ஆக்டிவ் என்ற பெயரில் வருவது, துள்ளலின் வேகத்தைப் பொறுத்துத் தானே இளகும், தானே இறுகும். மின்சாரம் ஏதும் தேவையில்லை. சவாரியும் கெடக் கூடாது, வளைவில் சாயவும் கூடாது என்பவர்களுக்கு ஏற்றது. ரான்சோ ஆர்எஸ்9000எக்ஸ்எல் போன்றவற்றில் 9 நிலைகள் கொண்ட திருகு இருக்கிறது. சுமை ஏற்றும்போது இறுக்கி, இறக்கியதும் தளர்த்தலாம். கீழே குனிந்து திருகும் பொறுமை இருப்பவர்களுக்கு இது அருமையான பொருள். மற்றவர்கள் முதல் மாதத்தோடு மறந்துவிடுவார்கள், அப்போது கொடுத்த கூடுதல் காசு வீண்.

பின்பக்கம் தொங்குகிறது என்றால்

ஆள் ஏறியதும் பின்பக்கம் தாழ்கிறது, அதனால் கனமான ஷாக் போட வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். ஷாக் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் நிற்கும் வண்டியை அது தூக்காது. மோனோ டியூபின் வாயு அழுத்தம் சில மில்லிமீட்டர் உயர்த்தலாம், அவ்வளவே. சமதளத்தில் வெறும் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு பக்கமும் அளந்து பாருங்கள். இடமும் வலமும் வேறுபட்டாலோ, கையேட்டில் உள்ள உயரத்தைவிடக் குறைந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. வெறும் வண்டி சரியான உயரத்தில் நின்று, சுமையில் மட்டும் தாழ்ந்தால் கொஞ்சம் கனமான ஸ்பிரிங்கோ, காயில் ஸ்பிரிங்குக்கு உள்ளே வைக்கும் ஏர் பேக்கோ போதும்.

ஷாக்கின் மேலேயே சிறு ஸ்பிரிங் சுற்றியதும், காற்றடிக்கும் ஷாக்கும் கிடைக்கின்றன. அவற்றை நான் கடைசி இடத்தில்தான் வைப்பேன். அவை தூக்கும் எடை முழுவதும் ஷாக் மாட்டும் பிராக்கெட்டில் இறங்குகிறது. அந்தப் பிராக்கெட் வெறும் ஆட்டத்தைத் தாங்கச் செய்யப்பட்டதே தவிர, வண்டியைச் சுமக்க அல்ல.

சரி, இதற்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு இருக்கிறது. சாக்ஸ் நிறுவனத்தின் நிவோமேட் வகை ஷாக். வெளியிலிருந்து பார்த்தால் தடித்த சாதாரண ஷாக்தான், வயர் கிடையாது, காற்றுக் குழாய் கிடையாது. ஆனால் வண்டி ஓடும் அசைவையே பயன்படுத்தி உள்ளே அழுத்தத்தை ஏற்றி, தாழ்ந்த பின்பக்கத்தைத் தூக்கிவிடும். அதாவது எடையில் ஒரு பங்கை இந்த ஷாக் சுமக்கிறது, அதற்கேற்ப ஸ்பிரிங் மென்மையாக வைக்கப்பட்டிருக்கிறது. இதைக் கழற்றிவிட்டுச் சாதாரண ஷாக் போட்டால் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிடும். ஒன்று நிவோமேட்டையே திரும்பப் போட வேண்டும், அல்லது ஷாக்கோடு ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். பாகம் வாங்கும் முன் பழைய ஷாக்கின் மேலுள்ள லேபிளைப் படிப்பது இந்தத் தொல்லையைத் தவிர்க்கும்.

மின்சார ஷாக்கும் ஏர் சஸ்பென்ஷனும்

காந்தப்புலத்தில் கெட்டியாகும் திரவம் நிரப்பிய மேக்னரைடு 2002 மாடல் காடிலாக் செவில் எஸ்டிஎஸ்-இல் முதலில் வந்தது. இன்று ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய எஸ்யூவிகள் சிலவற்றிலும் இருக்கிறது. ஓட்டுவதற்கு அருமையான பொருள், மாற்றும்போது விலை மிரட்டும். ஏர் சஸ்பென்ஷனிலும் அப்படித்தான். சாதாரண ஷாக்குக்கு மாற்றிவிடும் கிட்டுகள் கிடைப்பதால் ஆசை வருவது இயற்கை.

மாற்றுவதானால் முழுமையாக மாற்ற வேண்டும். ஏர் ஸ்பிரிங்கை எடுத்தால் அந்த வண்டியின் எடைக்கான காயில் ஸ்பிரிங் வேண்டும். கம்ப்யூட்டர் எச்சரிக்கை காட்டாமலிருக்க அதற்கான மாட்யூலும் கிட்டில் இருக்க வேண்டும். வயரைப் பிடுங்கி டேப் சுற்றிவிட்டு, டேஷ்போர்டில் எரியும் விளக்கோடு ஓட்டுவது மாற்று வழியே அல்ல. இழுவைக்கும் முழுச் சுமைக்கும் வண்டியைப் பயன்படுத்துகிறவர், வண்டியைச் சில வருடங்களில் விற்க நினைப்பவர் ஆகியோர் அசல் வகையையே திரும்பப் போடுவது நல்லது. உத்தரவாதம் முடிந்து, இன்னும் நெடுநாள் தானே ஓட்டப்போகிறவருக்கு நல்ல கிட் நியாயமான வழி. உயரம் தானாகச் சரியாகும் வசதியும், வேகத்துக்கேற்ப இறுகும் குணமும் போய்விடும் என்பதை ஒப்புக்கொண்டு செய்ய வேண்டும்.

இரவு நின்ற வண்டி காலையில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அது காற்றுக் கசிவு, ஷாக் தேய்மானம் அல்ல. அதைச் சரிசெய்யாமல் விட்டால் அடுத்து கம்ப்ரஸர் போகும்.

முழுக் கட்டா, ஸ்ட்ரட் மட்டுமா?

முன்பக்க ஸ்ட்ரட்டுக்கு இரண்டு வழி. ஸ்ட்ரட்டை மட்டும் வாங்கி, பழைய ஸ்பிரிங்கைக் கழற்றி மாட்டுவது ஒன்று. ஸ்பிரிங், டாப் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் எல்லாம் பொருத்தித் தயாராக வரும் முழுக் கட்டை மாட்டுவது இன்னொன்று. மன்ரோ குவிக்-ஸ்ட்ரட், கேஒய்பி ஸ்ட்ரட்-பிளஸ் போன்றவை இந்த இரண்டாம் வகை.

வீட்டிலேயே செய்கிறவருக்கு முழுக் கட்டைத்தான் சொல்வேன். காரணம் பாதுகாப்பு. அமுங்கிய ஸ்பிரிங்கில் நூற்றுக்கணக்கான கிலோ விசை அடைபட்டிருக்கிறது. ஸ்பிரிங் கம்ப்ரஸர் வழுக்கினாலோ, அது மாட்டாமல் நடு நட்டைக் கழற்றினாலோ உயிருக்கே ஆபத்து. ஆனால் முழுக் கட்டில் ஒரு குறை. ஒரே பாக எண்ணைப் பல மாடல்களுக்குப் பொருத்துவதால், அதிலுள்ள ஸ்பிரிங் உங்கள் இன்ஜினுக்கும் சீட் வரிசைக்கும் சரியாக ஏற்றதாக இல்லாமல் போகலாம். மாட்டிய பிறகு முன்பக்கம் தூக்கி நிற்கிறது என்ற புகார் வருவது இதனால்தான். பழைய ஸ்பிரிங் உயரம் குறையாமல், துருவும் வெடிப்பும் இல்லாமல் இருக்கிறது, நல்ல ஒர்க்‌ஷாப்பும் கிடைக்கிறது என்றால் தரமான ஸ்ட்ரட்டும் தரமான டாப் மவுண்டும் தனித்தனியே வாங்கிப் போடுவது மேல்.

டாப் மவுண்டை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். வண்டியை நிறுத்தி, இன்னொருவரை ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்பச் சொல்லி, மெக்பெர்சன் ஸ்பிரிங்கின் மேல் விரல் நுனியை லேசாக வைத்துப் பாருங்கள். சுருளின் இடுக்கில் விரலை விடக் கூடாது. நல்ல பேரிங்கில் ஸ்பிரிங் வழுவழுவென்று கூடவே திரும்பும். தேய்ந்ததில் முறுக்கேறி நின்று, பிறகு டங்கென்று ஒரு குதி குதிக்கும். இந்த வண்டியில் புது ஸ்ட்ரட்டைப் பழைய மவுண்டோடு மாட்டினால் அதே சத்தம் அடுத்த நாளே திரும்பி வரும், கூலியும் இரண்டாம் தடவை.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

ஒரே ஆக்சிலில் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். நாலும் ஒரே வயது என்றால் நாலையும். கைக்காசு போதாவிட்டால் இப்போது ஒரு ஆக்சில், சீக்கிரமே அடுத்தது.

புஷ் போல்ட்களை இறுக்கும் நேரம் மிக முக்கியம். சக்கரம் தொங்கும் நிலையில் முழுதாக இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கியபடியே நிற்கும், சீக்கிரம் கிழியும், உயரமும் மாறும். விரல் இறுக்கத்தில் விட்டு, சக்கரத்தில் எடை இறங்கிய பிறகு கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். பல ஒர்க்‌ஷாப்களில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பக்கத்தில் நின்று கேட்டு வாங்கினால் தப்பில்லை.

பிஸ்டன் ராடைப் பிளையரால் பிடிக்க விடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும், அது ஒவ்வொரு அசைவிலும் சீலை அறுக்கும். ராடு நட்டை இம்பாக்ட் கன்னால் சுழற்றுவதும் கூடாது. பின்னால் முழு ஆக்சில் உள்ள வண்டியில் இரண்டு ஷாக்கையும் ஒரே நேரத்தில் கழற்றினால் ஆக்சில் கீழே இறங்கி பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் இழுக்கும். ஆக்சிலுக்கு அடியில் ஜாக் கொடுத்து, ஒரு பக்கம் முடித்த பிறகு மறுபக்கம் போவதே முறை. ட்வின் டியூப் ஷாக்கைப் படுக்கவைத்திருந்தால், நிமிர்த்தி முழுதாக இழுத்து, தலைகீழாகக் கவிழ்த்து முழுதாக அமுக்கி, இப்படி நாலைந்து தடவை செய்து உள்ளே சேர்ந்த காற்றை வெளியேற்றிவிட்டு மாட்டுங்கள்.

முன்பக்கம் கை வைத்தால் அலைன்மென்ட். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் உள்ள சில வண்டிகளில் அதோடு ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரையும் ஸ்கேனரில் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். முழு ஆக்சிலில் பின் ஷாக் மட்டும் மாற்றினால் அலைன்மென்ட் தேவையில்லை, அதற்குப் பணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். அலை அலையாகத் தேய்ந்த டயர் புது ஷாக் போட்டதும் நேராகிவிடாது. அந்த ஊளைச் சத்தம் டயர் மாற்றும்வரை தொடரும், அதைக் கேட்டுவிட்டுப் புது ஷாக் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

கழற்றிய பழைய ஷாக்கை வீட்டில் அறுத்துப் பார்க்கும் ஆர்வம் சிலருக்கு வரும். மோனோ டியூபாக இருந்தால் உள்ளே 20 பாருக்கு மேல் வாயு இன்னும் இருக்கும். தீயில் காட்டவோ, வெல்டிங் வைக்கவோ, அறுக்கவோ கூடாது. வாயுவைப் பாதுகாப்பாக வெளியேற்றத் தெரிந்த ஒர்க்‌ஷாப்பிடமே கொடுத்துவிடுங்கள்.